கிரேனில் யார் உட்காருவது?

கினிகத்தேனைச் சந்தியில் நின்றால், ஹட்டன் பக்கமிருந்து தேயிலை ஏற்றிய லொறிகள் அவிசாவளை நோக்கி இறங்குவதைப் பார்க்கலாம். நாற்பதடிக் கொள்கலன் ஒன்று ஏறி வருவதைப் பார்ப்பது அரிது. வளைவுகள் அப்படி. கித்துல்கலையிலிருந்து மேலே வரும் பாதையில் நீளமான ட்ரெயிலர் ஒன்று எதிரே வந்துவிட்டால் பஸ்காரர் பின்னுக்கு எடுக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் தேயிலை தடித்த காகிதச் சாக்குகளில் கொழும்புக்குப் போய், களஞ்சியத்தில் இறங்கி, ஏலத்தில் விலைபட்டு, ஏற்றுமதிக்காரரின் கட்டடத்தில் பொதியான பிறகுதான் ஒரு கொள்கலனைக் காண்கிறது.

தேயிலை இறங்கும் அதே பாதையில்தான் எங்கள் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். சாதாரண தரம் எழுதியவர், உயர்தரம் எழுதியவர், இரண்டையும் எழுதாமல் விட்டவர் எல்லாருக்கும் கொழும்பில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே வேலைகள். புறக்கோட்டையில் புடவைக்கடை, வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடை, பெண்ணென்றால் ஆடைத் தொழிற்சாலை அல்லது யாராவது வீட்டு அடுப்படி. மலையக இளைஞருக்குத் தொழிற்பயிற்சி என்று கொடுக்கப்படுவதும் பெரும்பாலும் இதற்குத் தோதானதுதான்: தையல், கேக், அழகுக்கலை, போன் திருத்தும் வேலை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொழும்புத் துறைமுகம் வருடத்துக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமான இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாளுகிறது. அந்தப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் இயந்திரங்களை ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று, நான் அறிய, இந்த மலைக்கு ஏறி வரவில்லை.

இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. கினிகத்தேனைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். இன்று வத்தளைப் பக்கம் ஒரு கொள்கலன் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறேன். ட்ரெயிலர் உதவியாளாக உள்ளே போய், இரவு வேலைகளில் ஒரு சிங்கள அண்ணனின் தயவால் கற்றுக்கொண்ட தொழில் இது. வகுப்பும் இல்லை, புத்தகமும் இல்லை. அவர் முதல் நாள் சொன்னதுதான் இன்றும் காதில் இருக்கிறது: "மல்லி, முன்னாலே பெட்டி போகுது, பின்னாலே நீ போறே. ரெண்டையும் பார்."

அவர் சொன்னதன் காரணம் இயந்திரத்தைப் பார்த்தால் விளங்கும். ரீச் ஸ்டேக்கர் என்பது சுமார் 70 தொன் எடையுள்ள வண்டி. முன்னால் நீண்டு சுருங்கும் பூம், அதன் நுனியில் பெட்டியின் மேல்மூலைகள் நான்கையும் பிடிக்கும் ஸ்பிரெடர். இருபதடிப் பெட்டிக்கும் நாற்பதடிப் பெட்டிக்கும் ஏற்றபடி ஸ்பிரெடர் விரியும், சுருங்கும். மூலைகளில் சரியாக உட்கார்ந்தால் கெபினில் ஒரு விளக்கு எரியும். பூட்டு நான்கும் திரும்பிக்கொண்டால் இன்னொன்று. அது எரியும்வரை தூக்கக் கூடாது. திருப்புவது பின்சக்கரத்தில். ஆகவே முன்பக்கம் கொஞ்சம் திரும்பும்போது பின்னால் இருக்கும் எதிர்ப்பாரம் அகலமாக வீசும். யார்டில் ஆள் அடிபடுவதென்றால் பெட்டி விழுந்துதான் என்று வெளியில் நினைப்பார்கள். எங்களுக்குப் பயம் இந்தப் பின்வீச்சுதான்.

பாரத்தின் கணக்கும் எளிதல்ல. முன்வரிசையில் இருக்கும் பெட்டியென்றால் 45 தொன்வரை தூக்கலாம். அதற்குப் பின்னால் இரண்டாவது வரிசையிலிருந்து எடுப்பதென்றால் முப்பதுக்குச் சற்று மேல். மூன்றாவது வரிசையென்றால் அதில் பாதிதான். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்துவிட்டு, பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், காரணம் தோளுக்குத் தெரிந்துவிடும். எந்த நீளத்துக்கு, எந்தக் கோணத்துக்கு எவ்வளவு என்று கெபினுக்குள் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். எல்லை தாண்டினால் இயந்திரமே கத்தும், அசைவை நிறுத்தும். ஆனால் ஈர நிலத்தில், சரிவான இடத்தில், பெட்டிக்குள் சரக்கு ஒரு பக்கம் குவிந்திருக்கும்போது, இயந்திரம் கத்துவதற்கு முன்பே ஓட்டுபவனுக்கு இடுப்பில் தெரிய வேண்டும்.

ட்ரெயிலரிலிருந்து பெட்டியை எடுப்பது இன்னொரு விஷயம். பெட்டியை ட்ரெயிலரோடு பிணைக்கும் பூட்டுகள் நான்கு. சாரதி மூன்றைத் திறந்துவிட்டு ஒன்றை மறந்திருப்பார், அல்லது அது துருவேறித் திரும்ப மறுத்திருக்கும். தெரியாமல் தூக்கினால் பெட்டியோடு ட்ரெயிலரும், அதை இழுக்கும் பிரைம் மூவரும், உள்ளே இருக்கும் சாரதியும் ஒருபக்கமாக எழும்புவார்கள். அதனால் நான் முதலில் ஒரு சாண் மட்டும் உயர்த்தி நிறுத்துவேன். பாரம் போன ட்ரெயிலர் டயர்கள் நிமிர வேண்டும். பெட்டிக்கும் ட்ரெயிலருக்கும் நடுவே நான்கு மூலையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு மூலை இருட்டாக இருந்தால் உடனே இறக்கிவிட்டு ஹோர்ன் அடிப்பேன். மழை நாளில், ட்ரெயிலர்கள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது, இந்த நான்கு மூலைகளைப் பார்க்கும் பொறுமைதான் தொழில். கைப்பலம் இதில் எதுவும் இல்லை. ஜொய்ஸ்டிக்கை நகர்த்தச் சுண்டுவிரல் போதும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். நான் முதலில் வேலை செய்த யார்டில், பெயர் வேண்டாம், பாதுகாப்பு அறிவித்தல்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஒரு மத்தியானம் நம் பக்கத்துப் பையன் ஒருவன், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான், நிழல் தேடி ஸ்டேக்கர் திரும்பும் இடத்தில் சோற்றுப் பார்சலை விரித்து உட்கார்ந்திருந்தான். இங்கே நிற்காதே என்ற பலகை அவன் தலைக்கு மேலேயே தொங்கியது. கண்ணாடியில் அவனுடைய சிவப்புத் தொப்பி தெரிந்ததால் நிறுத்தினேன். அவனை மேற்பார்வையாளர் திட்டித் தீர்த்தார். பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ் 1987ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி. பஸ் பலகையில் எழுத்துப் பிழையோடாவது அது இருக்கிறது. 70 தொன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

கொஞ்சம் பழைய கதை. தேயிலையும் ஒரு காலத்தில் பெட்டியில்தான் போனது. பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள், விளிம்பில் தகரப்பட்டி, சுமார் ஐம்பது கிலோ. தோட்டத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு, அங்கிருந்து கொழும்புக்கு, பிறகு கப்பலுக்கு, ஒவ்வோர் இடத்திலும் தோளில்தான் ஏறி இறங்கியது. அந்தத் தோள்களில் பல தென்னிந்தியாவிலிருந்து வந்தவை. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி, நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 அலுமினியப் பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலின் மேல்தளத்தில் வைத்து அனுப்பினார். தோளில் சுமந்து ஏற்றினால் தொன்னுக்கு 5.86 டொலர் பிடித்த வேலை, பெட்டியாக ஏற்றியபோது 16 சதத்துக்கும் குறைந்தது என்று கணக்குப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு துறைமுகங்களுக்குத் தோளின் தேவை குறைந்துகொண்டே போனது. கொழும்பில் 1980களின் நடுவில் ஜயா முனையம் வந்தது, 1999இல் தனியார் கையில் சவுத் ஏசியா கேட்வே (SAGT) முனையம், 2013இல் தெற்குத் துறைமுகத்தில் சீனர்களின் முனையம். ஒவ்வொன்றோடும் இன்னும் உயரமான கிரேன்கள். தோளுக்கு வேலை போன இடத்தில் கெபினுக்கு ஆள் தேவைப்பட்டது. தோளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அந்தக் கெபினில் நான் அதிகம் காண்பதில்லை.

2021 தொடக்கத்தில் கிழக்கு முனையத்தை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் கொடுப்பதா என்று நாடே கொதித்தது நினைவிருக்கும். துறைமுகத் தொழிற்சங்கங்கள் போராடின, பெப்ரவரியில் அரசாங்கம் பின்வாங்கியது, பதிலுக்கு மேற்கு முனையம் அதானி குழுமத்துக்கும் ஜோன் கீல்ஸுக்கும் போனது. அதானிக்கு 51 வீதம், ஜோன் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15. அந்த மாதங்களில் பத்திரிகைகளைத் திறந்தால் கிரேன் யாருக்குச் சொந்தம் என்பதே பேச்சு. மலையகத் தலைவர்களும் கருத்துச் சொன்னார்கள். அந்தக் கிரேன்களில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று யாராவது கேட்டதாக நான் வாசிக்கவில்லை. அதே வருடம் மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. வருடக்கணக்கில் இழுத்த பேச்சுவார்த்தை அது. எங்கள் அரசியல் முழுவதும் அந்த ஆயிரத்துக்குள் அடங்கிப் போயிருந்தது.

சம்பளம் என்றதும் தராசு வந்துவிடும். கொழுந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படுகிறது. சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. பல தோட்டங்களில் 18 கிலோ வராவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், கிடையாது. என் அம்மாவின் அரைக் கிலோவைத் தராசு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் 30 தொன் பெட்டிகள் எடை போடப்படாமலே, ஏற்றுமதிக்காரர் காகிதத்தில் எழுதிக்கொடுத்த எண்ணை நம்பி, உலகம் முழுக்கக் கப்பலேறிக்கொண்டிருந்தன. 2007 ஜனவரியில் 'எம்.எஸ்.சி. நப்போலி' என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடைந்தபோது, அதன் மேல்தளத்தில் நனையாமல் தப்பிய ஏறக்குறைய 660 பெட்டிகளைக் கரையில் நிறுத்துப் பார்த்தார்கள். 137 பெட்டிகளின் எடை, எழுதிக்கொடுத்ததைவிட 3 தொன்னுக்கு மேல் வேறுபட்டது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் சென்று, 2016 ஜூலை 1 முதல்தான், எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி வந்தது. பொய் எடையோடு வரும் பெட்டி என்ன செய்யும் என்பது ஸ்டேக்கரின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது தெரியும். அரைக் கிலோவுக்கு விளக்கம் சொல்லி வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு எடையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் வேலை தொடங்கியது. 1,400 மீற்றர் நீளம், 20 மீற்றர் ஆழம், கொழும்பின் முதல் முழுத் தானியங்கி ஆழ்கடல் முனையம் என்கிறார்கள். தானியங்கி என்றால் ஆளே வேண்டாம் என்று பொருளல்ல. அடுக்கும் கிரேனின் உச்சியில் மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து, காலடிக் கண்ணாடி வழியே கீழே பார்த்துக் கழுத்து வலியோடு இறங்கும் வேலை, குளிரூட்டிய அறையில் திரை முன்னால் செய்யும் வேலையாக மாறுகிறது. ஒருவரே பல கிரேன்களைக் கவனிப்பார். இயந்திரம் தானாகச் செய்ய முடியாமல் தடுமாறும் இடத்தில் மட்டும் கைகொடுப்பார்.

இதை யார் செய்யலாம் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து தூரமில்லாத விழிஞ்ஞம் துறைமுகம். 2023 ஒக்டோபரில் 'சென் ஹுவா 15' என்ற கப்பல் சீனாவிலிருந்து அதன் முதல் கிரேன்களைக் கொண்டுவந்தது. 2025 மே 2ஆம் திகதி இந்தியப் பிரதமர் அதை முறைப்படி திறந்துவைத்தார். அதையும் நடத்துவது அதானி குழுமம்தான். அங்கே யார்ட் கிரேன்களைத் தூர இருந்து இயக்குகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், மீனவக் குடும்பத்துப் பெண்கள் உட்பட. இது யாரும் மனமிரங்கிக் கொடுத்ததென்று நான் நினைக்கவில்லை. எங்கள் கரை போகிறது, எங்கள் தொழில் போகிறது என்று 2022இல் அந்த ஊர் மீனவர்கள் மாதக்கணக்கில் துறைமுக வாசலை மறித்து நின்றார்கள். உரக்கக் கேட்ட ஊரைப் புறக்கணிப்பது கஷ்டம்.

எங்களுக்கு மறிக்க வாசல் இல்லை, கடலும் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களை வைத்திருக்கும் பெரிய வியாபாரக் குழுமங்களே கொள்கலன் தொழிலிலும் இருக்கின்றன. ஹேய்லிஸ் குழுமத்துக்குக் களனிவெளி, தலவாக்கலை முதலிய தோட்டக் கம்பெனிகள் உண்டு. அதற்கே அட்வான்டிஸ் என்ற சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியும் உண்டு. எயிட்கன் ஸ்பென்ஸுக்கு எல்பிட்டிய பிளான்டேஷன்ஸில் பங்கு இருக்கிறது, கொள்கலன், களஞ்சிய வேலைகளும் இருக்கின்றன. ஜோன் கீல்ஸ் தேயிலைத் தரகு செய்கிறது, மேற்கு முனையத்தில் பங்காளியாகவும் நிற்கிறது. ஒரே குழுமத்தின் ஒரு கையில் அம்மா கொழுந்து பறிக்கிறாள், மறுகையில் ரீச் ஸ்டேக்கர் ஓடுகிறது. இந்தக் குழுமங்கள் தோட்டத்தில் முன்பள்ளி கட்டுவதையும் கண் சிகிச்சை முகாம் நடத்துவதையும் படம்பிடித்து வருடாந்த அறிக்கையில் போடுகின்றன. நல்லது, போடட்டும். அடுத்த வருடம் தங்கள் தோட்டங்களிலிருந்து வருடத்துக்கு இத்தனை பிள்ளைகளைத் தங்கள் யார்டுகளிலேயே ஒப்பரேட்டராகப் பயிற்றுவிப்போம் என்று ஓர் எண்ணை அதே அறிக்கையில் எழுதட்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இந்த எண்ணையும் மேசையில் வைக்கட்டும்.

தோட்டத்துரைமார் உடனே சொல்வார்கள்: இருக்கிற தொழிலாளரே குறைந்துகொண்டு போகிறார்கள், நீ வேறு ஆளை இழுக்கிறாயா என்று. பிள்ளைகள் எப்படியும் போகிறார்கள். கினிகத்தேனையிலிருந்து கொழும்புக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் போதும். போகிறவர் எதற்குப் போகிறார் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

தானியங்கி வந்துவிட்டால் ஒப்பரேட்டர் வேலையே குறையுமே, குறையப் போகிற வேலைக்கு ஏன் பிள்ளைகளைத் தள்ளுகிறாய் என்று என்னோடு வேலை செய்பவர்களே கேட்கிறார்கள். இது உண்மையான கேள்வி. முனையத்துக்குள் ஆள் குறையும், நான் மறுக்கவில்லை. ஆனால் முனையத்துக்கு வெளியே, பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு வீதி நெடுக இருக்கும் யார்டுகளில், வெற்றுப் பெட்டி அடுக்கும் இடங்களில், தொழிற்சாலை வாசல்களில் மனிதன்தான் ஓட்டுகிறான். மேடு பள்ளமும், ஓட்டை ட்ரெயிலரும், மறந்துபோன நான்காவது பூட்டும் இருக்கும் இடத்துக்குத் தானியங்கி சீக்கிரம் வராது. அது போக, ஜெபல் அலி, சலாலா, ஹமாட் என்று வளைகுடா நாடுகளின் துறைமுகங்கள் இருக்கின்றன. எங்கள் பெண்கள் அந்த நாடுகளுக்கு ஏற்கனவே போகிறார்கள், கடவுச்சீட்டை எசமானியின் அலுமாரியில் பூட்டக் கொடுத்துவிட்டு. சான்றிதழோடு போகிற ஒப்பரேட்டரின் நிலை அது அல்ல.

பயிற்சிக்கு இடமே இல்லையென்று சொல்ல முடியாது. துறைமுக அதிகார சபையின் மஹாபொல துறைமுக, கடல்சார் பயிற்சி நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இயந்திரத்தையே மலைக்கு ஏற்ற வேண்டியதில்லை. உலகின் பல துறைமுகங்களில் முதல் கட்டப் பயிற்சி சிமுலேட்டரில்தான் நடக்கிறது: ஓர் ஆசனம், இரண்டு ஜொய்ஸ்டிக், சில திரைகள். காற்றும் மழையும் அதிலேயே வரும், பெட்டியைப் போட்டு உடைத்தாலும் யாரும் சாவதில்லை. முதல் சில வாரங்களை ஹட்டனில் தமிழில் முடித்துவிட்டு, மிச்சத்தைக் கொழும்பில் இயந்திரத்தின் மேல் படிக்கலாம். இதற்கு ஆகும் செலவு பெரிய மண்டபம் ஒன்று கட்டி அடிக்கல்லில் பெயர் பொறிப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெயர் பொறிக்க இடம் இல்லாததுதான் இதில் குறை.

பெண்களை எடுப்பதென்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதக் கூச்சமாக இருந்தாலும். நான் வேலை பார்த்த யார்டுகளில் பெண்களுக்கென்று ஒழுங்கான கழிப்பறை இருந்ததில்லை. கொழுந்து மலையில் எங்கள் அம்மாமார் வாழ்நாள் முழுக்கப் பட்ட அதே பாடு. இரவு வேலை பன்னிரண்டு மணிக்கு முடிந்தால் அந்த நேரத்தில் ஹட்டனுக்கு எங்கே பஸ்? தங்குமிடம் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால், வத்தளையில் உறவினர் வீடு இருக்கிற பிள்ளைக்குத்தான் அது உதவும்.

என் அக்காவின் மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவள், இப்போது புறக்கோட்டையில் ஒரு கடையில் பில் போடுகிறாள். விழிஞ்ஞத்துப் பெண்கள் கிரேன் ஓட்டும் வீடியோவைப் போனில் காட்டி, "மாமா, இது நீங்க ஓட்டுறதைவிட லேசு போலயே" என்றாள். லேசு இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டாள்: இங்கே யாராவது இதைத் தமிழில் சொல்லித் தருவார்களா, படிக்கும் வரைக்கும் தங்க இடம் கொடுப்பார்களா? விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பதில் வைத்திருக்க வேண்டியவர்கள் துறைமுக அதிகார சபையிலும், முனையக் கம்பெனிகளிலும், எங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு பாராளுமன்றத்துக்குப் போனவர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதினால் அவளுக்கு வெட்டி அனுப்புகிறேன்.